ஒற்றலும் கீற்றும்

முட்டை வடிவில் ஒரு ஸ்பாஞ்ச். அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் ரியா ஆன் சில்வா, எச்டி கேமராவில் ஃபவுண்டேஷன் திட்டுத்திட்டாகத் தெரியாதிருக்க, முக்கோண ஸ்பாஞ்சுகளின் ஓரங்களைக் கத்தரித்து வளைவாக்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் ‘பியூட்டி பிளெண்டர்’.

நனைத்துப் பிழிந்தால் ஸ்பாஞ்ச் உப்பும். துளைகளில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் ஃபவுண்டேஷனை அதிகம் குடிக்காது. தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். மூக்கோரத்துக்குக் கூர்முனை, கன்னத்துக்கு அடிப்பாகம். ஓரமே இல்லாததால் கோடு விழாது. அந்த மெத்தென்ற தட்டலே ஒரு சுகம்.

புருவத்துக்கு வேறு கை வேண்டும். பென்சிலால் முடி முடியாகச் சிறு கீற்றுகள். பிறகு சுருள் பிரஷால் மேல்நோக்கிச் சீவல். மூக்குப் பக்கம் மெலிதாக, வால் பக்கம் சற்று அழுத்தமாக. கருங்கூந்தலுக்கும் பெரும்பாலும் அடர்பழுப்பே இயல்பாக இருக்கும். கறுப்பு கொஞ்சம் கூடினாலும், சிரிக்கிற முகம்கூடக் கோபமாகத் தெரியும்.