ரொட்டி மெஷினும் துரத்தும் அறையும்

'புதுமை படைக்கும் நிறுவனத்தை உருவாக்குவது எப்படி?' என்ற தலைப்பில் உங்கள் ஆபீஸ் எப்போதாவது பயிற்சி வகுப்பு நடத்தியிருந்தால், ஜப்பான் ரொட்டிக் கதை ஒன்றைக் கேட்டிருப்பீர்கள். அதைப் பிரபலமாக்கிய புத்தகம், 'த நாலெட்ஜ் கிரியேட்டிங் கம்பெனி'. இகுஜிரோ நொனாகா, ஹிரோடகா டகேயுச்சி என்ற இரண்டு பேராசிரியர்கள் 1995-ல் எழுதியது. நொனாகா 2025 ஜனவரியில் காலமானார் என்று கேள்விப்பட்டதும் எடுத்து மறுபடி படித்தேன்.

கதை இதுதான். 1985. ஒசாகாவில் மட்சுஷிடா (பின்னாளில் பானசோனிக்) கம்பெனி, வீட்டிலேயே ரொட்டி செய்யும் மெஷினுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. ரொட்டி வருகிறது, ஆனால், மேலே கருகல், உள்ளே வேகலை! மெஷின் பிசைந்த மாவையும் ரொட்டிக்காரர் பிசைந்த மாவையும் எக்ஸ்-ரே எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். ம்ஹூம். கடைசியில், சாஃப்ட்வேர் வேலை பார்த்த இகூகோ டனாகா என்ற பெண்மணி, நல்ல ரொட்டிக்குப் பேர்போன ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலுக்குப் போய், தலைமை ரொட்டிக்காரரிடம் சிஷ்யையாகச் சேர்ந்தார். மனிதர் மாவை இழுப்பதோடு, கூடவே ஒரு முறுக்கு முறுக்குகிறார் என்பதைப் பிடித்தார். அந்த முறுக்கல் விழுகிற மாதிரி மெஷினின் உட்பக்கத்தை மாற்றினார்கள். 1987-ல் கடைக்கு வந்தது. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

எழுதிவைக்க முடியாத அறிவு என்று நொனாகா பக்கம் பக்கமாக விளக்குகிற இந்தச் சமாசாரத்துக்கு நம் வீடுகளில் ஒரே வார்த்தை... கைப்பக்குவம். 'உப்பு எவ்வளவும்மா?' என்று கேட்டால், 'பார்த்துப் போடு' என்று பதில் வருமே, அதுதான்!

கம்பெனியின் சொத்து ஃபைலில் இல்லை, ஆட்களின் கையில் இருக்கிறது என்று உரக்கச் சொன்னது இந்தப் புத்தகத்தின் பெருமை. ஆனால் கூத்தைப் பாருங்கள், இதன் பெயரைச் சொல்லியே 'நாலெட்ஜ் மேனேஜ்மென்ட்' சாஃப்ட்வேர் விற்றார்கள். எல்லோரும் தெரிஞ்சதை டைப் அடிச்சு உள்ளே போட்டுட்டாப் போதுமாம். ரொட்டிக்காரரை ஃபாரம் நிரப்பச் சொன்ன கதை! இது நொனாகாவின் குற்றமில்லை.

அவர் குற்றம் வேறு. ரொட்டி மெஷின், ஹோண்டாவின் சிட்டி கார், கேனனின் குட்டி காப்பியர் என்று புத்தகத்தில் வருகிற பெரிய கதைகள் எல்லாமே பிரசவக் கதைகள். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை எப்போது நிறுத்துவது, 'போதும்' என்று யார் சொல்வது? அங்கே புத்தகம் மௌனம்.

ஷார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நொனாகா மெச்சிய கம்பெனி. அவசரத் திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கு மேலதிகாரிகள் அணிவது போன்ற தங்க நிற பேட்ஜ் கொடுத்து, கேட்டதையெல்லாம் செய்துகொடுப்பார்கள். 1973-லேயே எல்.சி.டி. கால்குலேட்டர் போட்டவர்கள். அந்த எல்.சி.டி-யையே கட்டிக்கொண்டு, 2009-ல் சாகாய் நகரில் பிரமாண்டமான ஆலையைத் திறந்தார்கள். விலை சரிந்தது. 2016-ல் கம்பெனியே தைவானின் ஃபாக்ஸ்கான் கைக்குப் போச்சு.

'1995-ல் எழுதினவர் என்ன ஜோசியரா?' என்று நீங்கள் கேட்கலாம். ஜெயித்ததற்கு இந்த முறைதான் காரணம் என்றால், அதே முறையை வைத்துக்கொண்டு தோற்றதற்கும் அது பதில் சொல்லணுமில்லையா? ஃபியூஜிஃபிலிம் தப்பித்தது. ஃபிலிமில் கற்ற ரசாயன வித்தையை முகத்துக்குப் பூசும் க்ரீம் வரை கொண்டுபோனது. ஆனால், 2006-ல் சுமார் 5,000 பேருடைய வேலையைக் குறைத்துவிட்டுத்தான் அதுவும் கரையேறியது.

என்னை உறுத்துவதும் இந்த இடம்தான். கைப்பக்குவம் கைமாற வேண்டும் என்றால், ஆள் நிலைத்து இருக்கணும். கத்துக்கொடுத்தால் நம் நாற்காலி போய்விடாது என்ற தைரியம் சீனியருக்கு இருக்கணும். ஜப்பானின் பெரிய கம்பெனிகளில் 'சேர்ந்தால் ஓய்வு பெறும்வரை' என்ற ஏற்பாடு அதைக் கொடுத்தது. நொனாகாவின் தத்துவமே அந்தத் தரையில்தான் நிற்கிறது.

நஷ்டம் வந்ததும் தரை ஆடியது. 2013 வாக்கில் ஜப்பானியப் பத்திரிகைகளில் 'ஒயிடாஷிபெயா' என்ற வார்த்தை அடிபட்டது. துரத்தும் அறை என்று அர்த்தம். விருப்ப ஓய்வுக்குச் சம்மதிக்காத ஊழியர்களை, உருப்படியான வேலை எதுவும் தராமல் ஒரு பிரிவில் கொண்டுபோய் உட்காரவைப்பது. நேரடியாக வெளியே அனுப்ப அங்கே சட்டம் லேசில் விடாது. தானாகவே வெறுத்துப் போகட்டும் என்று ஏற்பாடு!

நான் பி.காம். படித்தவன். கணக்கு நோட்டு இதை எப்படிப் பார்க்கும் என்று சொல்கிறேன். சம்பளம், செலவுப் பக்கம். ஆள் போனால் செலவு குறையும், லாபம் ஏறும். அவரோடு போன முறுக்கல் எந்தக் காலத்திலும் சொத்துப் பட்டியலில் ஏறியதில்லை. அதனால் தொலைந்ததாகவும் யாரும் எழுத மாட்டார்கள். ஆடிட்டர் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போடுவார்.

'உங்களுக்குத் தெரிந்ததை டீமோடு பகிர்ந்துகொள்ளுங்கள்' என்று சுற்றறிக்கை வந்தால், நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் ஒருவரையொருவர் ஏன் பார்த்துக்கொள்கிறார்கள் என்று உங்கள் ஹெச்.ஆர். மேனேஜருக்குப் புரியாமலிருக்கலாம். உங்களுக்குப் புரியும்.

புத்தகத்தைப் படிக்கலாமா? தாராளமாக. பிளேட்டோ, டெகார்ட்டே என்று தத்துவம் பேசுகிற இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் தூக்கம் வராத ராத்திரிக்கு ஒதுக்கிவையுங்கள்.