பலிபீடத்து ரேந்தை

தென்மாவட்டத் தேவாலயங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றை வாசிக்கும்போதெல்லாம் ஒன்று என்னை உறுத்துகிறது. கோபுரத்தின் உயரம், மணியின் எடை, கல் வந்த ஊர் எல்லாம் இருக்கும். பலிபீடத்தில் விரித்த நூல்வேலையைப் பற்றி ஒரு வரி இருக்காது. இத்தனைக்கும் ஆராதனையில் சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிற இடம் அது. கட்டடம் கலை வரலாற்றில் சேர்கிறது. ரேந்தையோ 'கைவேலை' என்ற பெயரோடு பீரோவுக்குள் போகிறது.

இடையன்குடியை எடுத்துக்கொள்வோம். 1847இல் தொடங்கி 1880இல் முடிந்த அந்த ஊர்த் தேவாலயத்தைக் கால்டுவெல்லின் 33 ஆண்டு உழைப்பு என்று எல்லோரும் சொல்வோம். அதே ஊரில் அவர் மனைவி எலிசா பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். எலிசாவின் தாய் மார்த்தா மால்ட் அதற்கு முன்பே, 1820களில், நாகர்கோவில் மிஷனில் இந்த வேலையைத் தொடங்கியிருந்தார்.

திண்டின்மேல் மாதிரித்தாளை வைத்து, குண்டூசிகளைக் குத்தி, பாபின்களில் சுற்றிய நூல்களை ஜோடி ஜோடியாக மாற்றி முறுக்க வேண்டும். நூலோடு சேர்ந்து இடைவெளியும் பூவாகும், இலையாகும். ஒரு முறுக்கு தப்பினால் பிரித்துத்தான் ஆக வேண்டும். கணக்கும் நினைவாற்றலும் கேட்கிற வேலை. இதைப் பெண்களின் 'பொறுமை' என்று மட்டும் புகழ்ந்தால் அந்த அறிவு மறைந்துபோகிறது.

பின்னியவர்கள் யார்? திருவாங்கூரில் 1855 வரை அடிமைமுறை இருந்தது. ரேந்தை விற்ற காசில் அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. மேல்சீலை அணிந்த நாடார் பெண்களின் துணியைத் தெருவில் கிழித்த காலமும் அதுவே. 1859இல்தான் மார்பை மறைக்கும் உரிமையை அரசு ஒப்புக்கொண்டது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்றது. ஐரோப்பியப் பெண்களின் உடைக்கு அழகு சேர்க்கும் ரேந்தை விளைந்த மண்ணில், உழைக்கும் பெண்ணுக்கு ஒரு மேல்துணி போராட்டமாக இருந்தது. இதை மறந்துவிட்டு அந்த வெண்ணிற விரிப்பைப் பார்க்க எனக்கு முடிவதில்லை.

ரோஸிகா பார்க்கர் 1984இல் வெளியிட்ட 'த சப்வெர்சிவ் ஸ்டிச்' நூலில், தையல் பெண்ணை அடக்கமாக வளர்க்கவும் பயன்பட்டது, அவள் தன்னை வெளிப்படுத்தவும் இடம் தந்தது என்றார். முக்கியமான வாசிப்புதான். ஆனால் அவர் பேசுவது பெரும்பாலும் இங்கிலாந்து வீடுகளைப் பற்றி. நம் நிலைமைக்கு நெருக்கமானவர் மரியா மீஸ். ஆந்திராவின் நர்சாப்பூரில் ரேந்தை பின்னும் பெண்களைப் பற்றி 1982இல் அவர் எழுதிய நூல், உலகச் சந்தைக்கு உழைப்பவர்கள் வெறும் 'இல்லத்தரசிகள்' ஆக்கப்பட்டதையும், அவர்கள் உழைப்பு 'ஓய்வுநேர வேலை' ஆனதையும் காட்டுகிறது. அங்கும் ரேந்தை மிஷனரிகள் வழியாக வந்ததே.

தேவாலயத்தில் இதற்கு இன்னொரு பெயர் உண்டு: காணிக்கை. ஒருகாலத்தில் சிலருக்கு விடுதலைப்பணம் ஈட்டித்தந்த திறமை, இன்று பண்டிகைக்குப் பண்டிகை கூலியில்லாமல் கேட்கப்படுகிறது. குரோஷா விரிப்பு, கம்பளிநூல் பூச்சரம், பாத்திரம் மூடும் துணி எல்லாம் பெண்கள் சங்கத்தின் பொறுப்பு. விருப்பத்தோடு கொடுப்பவர்களின் பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. மின்விசிறி கொடுத்தவரின் பெயர் அதன் இறக்கையிலேயே இருக்கிறதே, விரிப்புக்கு மட்டும் ஏன் பெயர் இல்லை என்றுதான் கேட்கிறேன். பெண்ணின் கைவேலை பலிபீடத்தை அடைந்து எத்தனை காலம் ஆயிற்று! தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயராகப் புஷ்பலலிதா வந்தது 2013இல்.

எலிசா, மார்த்தா ஆகியோரின் பெயர்களாவது நமக்குக் கிடைத்தன. அவர்களிடம் கற்ற பெண்களின் பெயர்கள் நம் நினைவில் இல்லை. உங்கள் ஊர்த் தேவாலயத்துக்கு நூற்றாண்டு மலர் போடும்போது பெரியம்மாக்களிடம் போய்க் கேளுங்கள்: இதைப் பின்னியது யார், எத்தனை நாள் ஆயிற்று, நூலுக்குக் காசு யார் கொடுத்தது? பதிலைக் கோபுரத்தின் உயரத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.