சாஞ்சியில் புத்தரைத் தேடுவது எப்படி?

சாஞ்சிக் குன்றின் மேல் ஏறி, பெரிய தூபியை ஒருமுறை சுற்றி, தோரணத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு அரைமணியில் இறங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான்கு தோரணங்களிலும் யானை, மயில், படை, ஊர்வலம், மாடத்திலிருந்து எட்டிப் பார்க்கும் பெண்கள் என்று இடைவெளியே விடாமல் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கே பார்ப்பது என்று கண் திணறும். இத்தனை கூட்டத்தில் ஒருவரை மட்டும் காணோம். இந்தத் தூபி யார் பெயரால் எழுந்ததோ, அந்தப் புத்தரை. அவர் இல்லாத இடங்களை அடையாளம் காணப் பழகிவிட்டால் பாதிச் சாஞ்சி பிடிபட்டுவிடும்.

காலையில் போங்கள். கிழக்குத் தோரணத்தின் முகத்தில் அப்போதுதான் வெயில் விழும். உத்தரங்கள் நல்ல உயரத்தில் இருப்பதால் சின்னதாக ஒரு பைனாகுலர் கையில் இருப்பது நல்லது. மூன்று உத்தரங்களில் நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு, இடது ஓரத்திலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். இடது ஓரத்தில் கபிலவஸ்து நகரம். அதன் வாயிலிலிருந்து ஒரு குதிரை புறப்படுகிறது. முதுகில் ஆள் இல்லை, ஆனால் அந்த வெற்றிடத்துக்குக் குடை பிடித்திருக்கிறார்கள். கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி அதே குதிரை, அதே குடை. இன்னும் தள்ளி மறுபடியும். பல குதிரைகள் என்று நினைத்துவிடாதீர்கள். கந்தகன் என்ற ஒரே குதிரையின் ஒரே இரவுப் பயணம் அது. குளம்புச் சத்தம் கேட்டு ஊர் விழித்துவிடக் கூடாதென்று தேவகணங்கள் அதன் கால்களைக் கையில் தாங்குகின்றன. வலது கோடியில் குதிரை இல்லை. குடை மட்டும் இரண்டு பாதச்சுவடுகளுக்கு மேல் நிற்க, தேரோட்டி சன்னன் மண்டியிட்டிருக்கிறான். அதற்குக் கீழே திரும்பி வருகிற குதிரையைப் பாருங்கள். இப்போது அதற்குக் குடை இல்லை.

முதுமையையும் நோயையும் பிணத்தையும் கண்டு கலங்கிய சித்தார்த்தன், 29 வயதில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் விட்டுப் போன கதை நமக்குப் பள்ளிப் பாடம். அந்தப் பிரிவை ஒரு குடை இருப்பதையும் இல்லாததையும் வைத்தே சொன்னவர்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டுச் சிற்பிகள். அழுகிற முகம் ஒன்றைச் செதுக்கியிருந்தால் இவ்வளவு உறுத்தாது.

மற்ற குறிகளைப் பழகுவது சுலபம். அரசமரமும் அதன் அடியில் காலியான ஆசனமும் இருந்தால் புத்தகயையில் ஞானம் பெற்ற தருணம். சக்கரமும் மான்களும் இருந்தால் சாரநாத்து மான் வனத்தில் அவர் ஆற்றிய முதல் உரை. தூபி தெரிந்தால் குசிநகரில் 80 வயதில் அடைந்த பரிநிர்வாணம். தாமரை மேல் ஒரு பெண்ணும் இரு புறம் நீர் ஊற்றும் யானைகளும் இருந்தால்? நம் வீட்டு நிலைப்படிக் கஜலட்சுமியேதான். ஆனால் பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே அதைப் புத்தரைப் பெற்ற மாயாதேவி என்று படித்தார். இரண்டாகவும் இருக்கட்டும். அந்தச் சிற்பிக்கு இதில் வழக்கு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சக்கரத்தின் முன்னால் சற்று அதிகம் நில்லுங்கள். பௌத்தத்தின் சாரம் முழுவதும் அந்த முதல் உரையில் இருக்கிறது. கேட்டவர்கள் ஐந்தே பேர். அவரோடு சேர்ந்து உடலை வருத்தித் தவம் செய்து, அவர் உணவு எடுத்துக்கொண்டதும் கோபித்துப் பிரிந்துபோன பழைய தோழர்கள். அதனால்தான் பேச்சு தத்துவத்தில் தொடங்காமல் ஒரு விளக்கத்தில் தொடங்குகிறது: போகத்தில் புரள்வதும் வேண்டாம், உடலை வதைப்பதும் வேண்டாம், நடுவே ஒரு வழி உண்டு. பிறகுதான் நான்கு வாய்மைகள். துக்கம் இருக்கிறது. அதற்குக் காரணம் வேட்கை. வேட்கை நின்றால் துக்கம் நிற்கும். நிறுத்துவதற்கு எட்டு உறுப்புகள் கொண்ட பாதை இருக்கிறது. நற்காட்சியில் தொடங்கி மன ஒருமையில் முடியும் அந்த எட்டில், பிழைப்புக்குச் செய்யும் தொழில் நேர்மையாக இருக்கவேண்டும் என்பதும் ஒன்று. கடவுளைப் பற்றிய பேச்சே இதில் இல்லை.

இனி, புத்தர் உருவம் ஏன் இல்லை? நிர்வாணம் அடைந்தவருக்கு உருவம் ஏது, அதனால்தான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கிழக்குத் தோரணத்துக் குதிரை அதற்கு ஒத்துவரவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பிய இரவில் அவர் இன்னும் புத்தர் ஆகவில்லை, வெறும் இளவரசன். அப்போதே அவர் உருவம் மறைந்துவிடுகிறது. அதே சமயம் முற்பிறவிகளில் அவர் தாராளமாக உடலோடு வருகிறார். வடக்குத் தோரணத்தின் கீழ் உத்தரத்தில் எல்லாவற்றையும் தானம் கொடுக்கும் வேசாந்தர இளவரசனாக, மேற்கில் தன் உடலையே பாலமாக்கிக் கூட்டத்தைக் காக்கும் குரங்கரசனாக. கடைசிப் பிறவி என்று தெரிந்த பிறகே சிற்பியின் உளி ஒதுங்கிக்கொள்கிறது. முடிவை அறிந்தவன் தொடக்கத்தைச் சொல்லும் விதம் அது என்பது என் எண்ணம். சூசன் ஹண்டிங்டன் என்ற ஆய்வாளர் வேறு கோணத்தில், இவற்றில் பல புத்தரின் வாழ்க்கைக் காட்சிகளே அல்ல, புனிதத் தலங்களில் பிற்காலத்தவர் நடத்திய வழிபாட்டின் படங்கள் என்றார். வாதம் இன்னும் ஓயவில்லை. காலி ஆசனங்களின் முன்னால் கைகூப்பி நிற்பவர்களைப் பார்க்கும்போது அவர் சொல்வதிலும் நியாயம் தெரிகிறது.

மணிமேகலை படித்தவர்களுக்கு இந்த ஆசனங்கள் புதிதல்ல. மணிபல்லவத் தீவில் மணிமேகலை தொழுது தன் பழம்பிறப்பை அறிந்தது புத்தரின் சிலையை அல்ல, பாதபீடிகையை. சாஞ்சிக்கு நூற்றாண்டுகள் பிந்திய காப்பியத்திலும் அந்தப் பழைய பார்வை தங்கியிருக்கிறது.

தெற்குத் தோரணத்தை உள்பக்கமிருந்து பார்க்க மறக்காதீர்கள். கீழ் உத்தரத்தில் கோட்டை முற்றுகை, யானைப்படை, வில், அம்பு. எதற்குப் போர்? புத்தரின் எலும்புத் துண்டுகளுக்கு. பற்றே துக்கத்தின் வேர் என்று சொன்னவரின் சாம்பலுக்காக அரசர்கள் படை திரட்டி வந்தார்கள், கடைசியில் எட்டுப் பங்காகப் பிரித்துக்கொண்டார்கள். இதை மறைக்காமல் வாசலிலேயே செதுக்கி வைத்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போடலாம். அதற்கு மேல் உத்தரத்தில் ஆறு தந்தம் கொண்ட யானை. தன்னை அம்பால் எய்த வேடனுக்குத் தானே தந்தங்களை அறுத்துக் கொடுத்த போதிசத்துவர் (முற்பிறவிப் புத்தர்) கதை. இதே தோரணத் தூணில் ஒரு கல்வெட்டு உண்டு: செதுக்கு வேலை விதிசை நகரத்துத் தந்தச் சிற்பிகளுடையது என்கிறது. தந்தத்தால் பிழைத்தவர்கள் பெயரும் தந்தம் கொடுத்த யானையும் ஒரே வாசலில்.

பிறகு சுற்றுக் கிராதிக்கு வாருங்கள். மரவேலை போலக் கல்லைக் கோத்திருக்கிறார்கள். அதில் நூற்றுக்கணக்கான குட்டிக் கல்வெட்டுகள். பிட்சுணி, வணிகன், குடும்பத் தலைவி என்று ஆளுக்கொரு கல் கொடுத்தவர்களின் பெயர்கள். பெரும்பாலானவற்றின் கடைசியில் ஒரே எழுத்துகள் வருவதைக் கவனித்த ஜேம்ஸ் பிரின்செப், அது ‘தானம்’ என்ற சொல்லாக இருக்கவேண்டும் என்று ஊகித்தார். 1837-இல் பிராமி எழுத்து முழுவதும் திறந்துகொண்டது அந்த ஊகத்திலிருந்துதான். நீங்களும் தேடலாம்: வரியின் முடிவில் கவிழ்த்த ஆங்கில ‘டி’ போல ஒன்று, பக்கத்தில் ஒரு புள்ளி. தமிழியில் (தமிழ் பிராமியில்) ‘ந’ எழுதத் தெரிந்தவர்களுக்கு உடனே தட்டுப்படும்.

வாசல்களுக்கு நேர் எதிரே, தூபியின் சுவரை ஒட்டி அமர்ந்திருக்கும் நான்கு புத்தர் சிலைகள் ஏறத்தாழ 500 ஆண்டுகள் பிந்திய குப்தர் காலத்தவை. அவற்றைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்த்தால் தோரணங்களின் வெற்றிடம் கண்ணில் படாது.

நேரம் இருந்தால் அடிவாரத்து அருங்காட்சியகத்தில் அசோகரின் நான்கு சிங்கத் தூண்தலையைப் பார்த்துவிடுங்கள். தூண் குன்றின் மேலேயே, தெற்கு வாசலருகே உடைந்து கிடக்கிறது. கரும்பு ஆலைக்காக உள்ளூர் ஜமீன்தார் ஒருவர் உடைத்தாராம். சங்கத்தைப் பிளக்கும் பிட்சுவுக்கும் பிட்சுணிக்கும் வெள்ளாடை உடுத்தி வெளியே அனுப்பவேண்டும் என்பது அதிலுள்ள அசோகரின் ஆணை. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.