கையெழுத்து யாருடையது?

தடுப்பூசியை மறுக்கும் பெண்களை ‘அறியாமை’ என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துவிடுகிறோம். அந்தச் சொல்லை நான் சந்தேகிக்கிறேன்.

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி போடப்பட்டது. ‘பாத்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மாநில அரசுகளோடு சேர்ந்து நடத்திய திட்டம் அது. கம்மத்தில் ஊசி போடப்பட்டவர்களில் பலர் விடுதியில் தங்கிப் படித்த ஆதிவாசிச் சிறுமிகள். ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் பெற்றோர் கையெழுத்து இல்லை. விடுதிக் காப்பாளரோ தலைமையாசிரியரோ போட்டிருந்தார். 7 சிறுமிகள் இறந்தார்கள். பெண்கள் அமைப்புகள் கேள்வி எழுப்பின. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்றது விசாரணைக் குழு. ஒப்புதல் பெற்ற முறையில் குறைகள் இருந்ததை அதுவும் ஒப்புக்கொண்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது.

எச்பிவி ஊசி உயிர் காப்பது. போட்டுக்கொள்ளுங்கள் என்றே என் மாணவிகளிடம் சொல்கிறேன். ஆனால், ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமில்லாதவளின் ‘சரி’ சம்மதமாகாது. கம்மத்தில் அந்தச் ‘சரி’யைக்கூட வேறொருவர் எழுதிக்கொடுத்தார். அடுத்த ஊசியோடு வரும் செவிலியரை அங்கே ஒரு தாய் தயக்கத்தோடு பார்த்தால், அவளுக்கு நினைவிருக்கிறது என்றே நான் வாசிப்பேன்.