கோச்சிங்கும் இஞ்ஞாசியாரும்: எங்கே இடிக்கிறது?

கிறித்தவ ஆன்மிகத்தையும் கோச்சிங்கையும் சேர்த்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார்கள். அமெரிக்க இறையியல் கல்லூரிகளின் 'டாக்டர் ஆஃப் மினிஸ்ட்ரி' பட்டத்துக்குப் பொருத்தமான தலைப்புதான். இரண்டையும் இணைக்கச் சொல்லும் காரணம்: இரண்டிலும் அறிவுரை குறைவு, கேள்விதான் அதிகம்.

அதுவரை சரி. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' (1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்த நூல்) வழிகாட்டியைத் தராசு முள் மாதிரி எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கச் சொல்கிறது.

எனக்கு இடிப்பது தொடக்கத்தில். ஜான் விட்மோரின் 1992 புத்தகத்தால் பரவிய 'குரோ' முறையில் முதல் படியே இலக்கு. அதை வைப்பவர் வருகிறவர். (எங்கள் தொழிலிலும் கஸ்டமர் சொன்னதுதான் ரிக்வயர்மென்ட், சில சமயம் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது வேறு கதை.) இஞ்ஞாசியாரோ அந்த விருப்பத்தையே முதலில் கீழே வைக்கச் சொல்கிறார். நோயைவிட உடல்நலம் வேண்டும் என்றுகூட முன்கூட்டியே முடிவு கட்டக்கூடாதாம்!

அடுத்து, ஆன்ம வறட்சி. செபம் கசக்கிற நாட்களில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது அவர் விதி. கோச்சிங் கணக்கில் அந்த மாதம் முன்னேற்றம் பூஜ்யம். முன்னும் பின்னும் மதிப்பெண் வாங்கி அளக்கிற ஆய்வில், பொறுத்து நின்றவர் தோற்றவராகப் பதிவாவார். இப்படி ஓர் ஆய்வேடு கைக்கு வந்தால் அந்த அட்டவணையைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.