டக் என்று ஒரு சத்தம்

கஜா புயல் 2018 நவம்பரில் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது, பல ஊர்களில் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. அதன்பிறகு கிராமத்து வீட்டு இன்வெர்ட்டரை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்குப் பிடித்தது டியூபுலர் பேட்டரி. தூக்க இரண்டு ஆள் வேண்டும். மேலே ஆறு மூடி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மிதவை. மிதவை சிவப்புக்கு இறங்கினால் அதற்குத் தாகம் என்று அர்த்தம். டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் உள்ள உப்பு தகடுகளைத் தின்றுவிடும்.

அதன் பக்கத்திலேயே கார்ட்லெஸ் டிரில்லுக்கும் ஓர் இடம் கொடுங்கள். 18 வோல்ட் பேட்டரியைப் பிடியில் தள்ளும்போது டக் என்று விழும் அந்தச் சத்தமே ஒரு நிறைவு. மாட்டுக்கொட்டகைத் தகரம், தோட்டத்துக் கதவு என்று ஒயர் எட்டாத இடமெல்லாம் கைக்கு எட்டிவிடும். கழுத்தில் எண் போட்ட வளையம் இருக்கிறதே, அதைக் குறைத்து வைத்தால் திருகு இறுகியதும் தானே கடகடத்து நின்றுகொள்ளும், மரம் பிளக்காது.

வாங்கும்போது டிரில், ரம்பம், புல்வெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி பொருந்துகிறதா என்று பாருங்கள். 4 ஏ.ஹெச். பேட்டரியில் இருப்பது 72 வாட்-ஹவர். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். இன்வெர்ட்டர் பேட்டரியில் 1,800. கரண்ட் போன நாளிலும் தாராளமாகச் சார்ஜ் ஏற்றலாம். கிணற்று மோட்டாரை மட்டும் அதில் மாட்டிவிடாதீர்கள். கிளம்பும்போது அது பல மடங்கு இழுக்கும்.