பேக்கரின் சுவர், ஆண்டோவின் முற்றம்

கட்டடக் கலைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு நேரே கட்டடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். லாரி பேக்கருக்கு வாய்த்த சம்பவம் காந்தி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சீனாவில் தொழுநோயாளிகளுக்குப் பணிசெய்துவிட்டு இங்கிலாந்து திரும்பும் வழியில், கப்பலுக்காக பம்பாயில் காத்திருந்தபோது அவரைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் கருத்து அவரைப் பற்றிக்கொண்டது. கதை உண்மைதான். ஆனால் ஒரு கருத்தைக் கேட்டதால் மட்டும் சுவர் எழும்பிவிடாது.

பேக்கரை உருவாக்கியது இமயமலை ஊரான பித்தோராகர் என்பேன். 1948இல் மருத்துவர் எலிசபெத்தை மணந்துகொண்டு இமயமலைப் பக்கம் போனவர், அங்கே பதினாறு ஆண்டுகள் தங்கி, வீட்டையும் மருத்துவமனையையும் கட்டினார். பர்மிங்காமில் படித்த படிப்பு அந்த மலைச்சரிவில் பெரிதாக உதவவில்லை. கல், மண், மரம் இவற்றை வைத்து ஊர்க்காரர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்துத்தான் அவர் மறுபடி தொழில் கற்றார்.

பின்னாளில் திருவனந்தபுரத்தில் அவர் கையாண்ட முறைகளில் அந்தச் சிக்கனப் புத்தி தெரிகிறது. ‘ராட் ட்ராப்’ (எலிப்பொறி) என்ற கட்டுமுறையில் செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்துவார்கள். நடுவில் வெற்றிடம் விழும். கல்லில் கால்பங்கு மிச்சம், வெயிலின் சூடும் உள்ளே எளிதில் இறங்காது. கூரையில் கான்கிரீட் சும்மா கிடக்கும் கீழ்ப்பகுதியில் ஓடுகளைப் பதிப்பது இன்னொரு முறை. அந்நகரின் உள்ளூர் என்ற பகுதியில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின், துளைகள் விட்ட செங்கல் ஜாலிச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். காற்றும் வெளிச்சமும் வருகின்றன. ஜன்னல் செலவு இல்லை.

ததாவோ ஆண்டோவின் கதை வேறு. ஒசாகாவில் பாட்டியிடம் குறுகலான வரிசை வீட்டில் வளர்ந்தவர். குத்துச்சண்டை வீரராக இருந்தவர். கட்டடக் கலையைக் கல்லூரியில் படிக்காதவர். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் விசாலத்தைத் தேடி ஓடுவான் என்று நினைப்போம். அவரோ 1976இல் சுமியோஷியில் அதே வகை மனையில் கான்கிரீட் வீடு கட்டி, நடுப் பங்கை வானத்துக்குத் திறந்துவிட்டார். மழை நாளில் கழிப்பறைக்குப் போகக் குடை வேண்டும். (குடியிருப்பவரின் பொறுமையை மெச்சத்தான் வேண்டும்.)

இலங்கையின் ஜெஃப்ரி பாவா முதலில் வழக்கறிஞர். பென்டோட்டாவுக்கு அருகே லுணுகங்க என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதைத் தன் மனம்போல் திருத்த ஆசைப்பட்டுத்தான் கட்டடக் கலை படிக்கப் போனார். தகுதி பெற்றபோது வயது 38. அவருடைய வீடுகளில் அறையைவிட முற்றமும் மரமும் முந்திக்கொள்வதில் வியப்பில்லை. மரத்தச்சரின் மகனான பீட்டர் ஸும்தோருக்குப் பொருளின் மீதுள்ள கவனமும் பட்டறையில் வந்ததே.

டேனியல் லிபெஸ்கிண்டிடம்தான் எனக்குத் தயக்கம். அவர் பெற்றோர் யூத இனப்படுகொலையில் தப்பியவர்கள். பெர்லின் யூத அருங்காட்சியகத்தின் வெற்றிடங்கள் அந்த இழப்பைச் சொல்கின்றன. ஆனால் அங்கே வாழ்க்கை பெரிதும் குறியீடாகவே வருகிறது. பேக்கரிடம் அது கொத்தனாரின் கைக்குள் போய்விட்டது. எனக்கு இரண்டாவதே பெரிது.

இப்போது பூச்சில்லாத செங்கல் சுவர் பணக்கார வீடுகளின் அலங்காரமாகிவிட்டது. சாதாரணப் பூச்சைவிட அதற்குச் செலவு கூடுதலாகும் இடங்களும் உண்டு. அதற்குப் பேக்கர் பாணி என்று பெயர் வைக்காதீர்கள்.